எஞ்சின் மாற்றிய சிறிய லொறியில் மவுண்டிங் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எஞ்சின் மாற்றிய லொறி நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, அது எந்த நேரத்தில் நடுங்குகிறது என்பதையே. நின்ற இடத்திலா, கிளச்சை விடும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, அல்லது ஓடும்போது ஒரு குறித்த வேகத்திலா என்ற கேள்விக்கு அவர் சரியாக விடை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மவுண்டிங் என்பது எஞ்சினை வண்டியின் சட்டமாகிய செசியில் பொருத்தும் இறப்பர்ப் பிடி. அது எஞ்சினின் பாரத்தைத் தாங்குகிறது, எஞ்சின் உருளாமல் பிடிக்கிறது, அதன் அதிர்வு செசிக்கு ஏறாமல் தடுக்கிறது, கியர்பொக்ஸைப் பின் அச்சுக்கு ஏற்ற கோணத்தில் நிறுத்துகிறது. இந்த நான்கு கடமைகளில் எது தவறுகிறதோ அதற்கு உரிய நேரத்தில்தான் நடுக்கம் வரும். இதைக் கேட்காமல் இறப்பரை மாற்றத் தொடங்கினால் மூன்று சோடி இறப்பர் மாற்றிய பிறகும் நடுக்கம் அப்படியே இருக்கும்.

எங்கள் பக்கத்தில் நடக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். ரொயோட்டா லைற் ஏஸ் போன்ற வண்டியில் 1,486 சிசி 5கே பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு 1,974 சிசி 2சி டீசல் எஞ்சினை வைப்பார்கள். ரொயோட்டாவின் 2எல் டீசல் எஞ்சின் இருந்த இடத்தில் 2,779 சிசி 3எல் வைப்பார்கள். ஏதாவது ஒரு பழைய வண்டிக்கு 2,771 சிசி இசுசு 4ஜேபி1 ஐப் பொருத்துவார்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய எஞ்சின் கண்டி வீதியால் யாழ்ப்பாணம் வந்து சேரும்போது அதனுடன் கியர்பொக்ஸ் இருக்கும், வயர் இருக்கும், மவுண்டிங்கை எஞ்சினோடு இணைக்கும் இரும்புப் பிராக்கெட் மட்டும் பெரும்பாலும் இருக்காது. 2எல், 3எல், 5எல் போல ஒரே குடும்பத்து எஞ்சின்களுக்குள் மாற்றுகிறவர் தமது பழைய பிராக்கெட்டுகளைக் கழற்றிப் புதிய புளொக்கில் பூட்டிப் பார்க்க வேண்டும், அவை பெரும்பாலும் பொருந்திவிடும். வேறு குடும்பத்து எஞ்சினை வைப்பவருக்குத்தான் பிராக்கெட் செய்யும் வேலை வருகிறது, கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பாலானவையும் அந்த வேலையில்தான் பிறக்கின்றன.

மவுண்டிங்கைத் தொடுவதற்கு முன்

எஞ்சின் தானே நலமாக எரிகிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் நின்று ஓடும்போது செக்கனுக்கு 25 தடவை வெடிப்பு நிகழ்கிறது. செசிக்கு ஏறாமல் மவுண்டிங் அடக்க வேண்டியது இந்த 25 தடவை அதிர்வைத்தான். ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்துவிட்டால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே வெடிப்பதால், அந்தக் குறை செக்கனுக்கு ஆறு தடவையளவில் ஒரு மெதுவான தள்ளாட்டமாக வெளிப்படும். ஓட்டுநர் இருக்கையில் கையை வைத்துப் பார்த்தால் ஒரு நடுக்கம் இரைச்சலாகவும் மற்றது எண்ணிவிடலாம் போன்ற ஆட்டமாகவும் தெரியும். எண்ணிவிடலாம் போல இருந்தால் மவுண்டிங்கை விட்டுவிட்டு இன்ஜெக்ரரையும் வால்வையும் கொம்பிரசனையும் பாருங்கள், ஏனெனில் அவ்வளவு மெதுவான ஆட்டத்தை எந்த இறப்பரும் மறைக்காது.

பழைய பம்ப் வகை டீசல் எஞ்சினில், நின்று ஓடும்போது இன்ஜெக்ரர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினால், நல்ல சிலிண்டருக்கு எஞ்சினின் ஒலி மாறும், சோர்ந்த சிலிண்டருக்கு மாறாது. கண்ணாடி அணிந்து, குழாயைத் துணியால் மூடி, கையை எட்ட வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்ரருக்கும் டீசல் போகும் கொமன் றெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. அங்கு அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், அந்த எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

நின்ற இடத்தில் நடுங்குகிறது, வேகம் கொடுத்தால் மறைகிறது

எஞ்சின் மாற்றியவர்களின் முறைப்பாடுகளில் மிகக் கூடுதலாக வருவது இதுதான். கண்ணாடி நடுங்கும், கதவுத் தகடு கிலுங்கும், கியர்த் தடி கையில் துடிக்கும், அக்சிலேற்றரைச் சற்று அழுத்தினால் எல்லாம் அமைதியாகிவிடும். இறப்பர் தேய்ந்துவிட்டது என்று எண்ணிப் பலர் இன்னும் கடினமான இறப்பரைப் போடுவார்கள், அதனால் நடுக்கம் கூடும்.

உயர்தரப் பௌதிகவியலில் பரிவு என்று படித்தது இங்கே அப்படியே வேலை செய்கிறது. இறப்பரின் மீது அமர்ந்திருக்கும் எஞ்சினுக்குத் தனக்கென ஓர் இயல்பான மீடிறன், அதாவது செக்கனுக்கு இத்தனை தடவை ஆடும் எண்ணிக்கை உண்டு. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் ஆட்டம் பெருகுவது போல, வெடிப்பின் மீடிறனும் எஞ்சினின் இயல்பு மீடிறனும் நெருங்கினால் நடுக்கம் பெருகும். வெடிப்பு 25 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 25 தடவை) என்றால், இயல்பு மீடிறன் அதன் 1.4 இல் ஒரு பங்குக்கு, அதாவது 17 அல்லது 18 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால்தான் இறப்பர் அதிர்வைத் தடுக்கவே தொடங்குகிறது. நல்ல மவுண்டிங் என்றால் 8 முதல் 10 வரை இருக்க வேண்டும்.

இதை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. எஞ்சினைச் செயின் புளொக்கில் தொங்கவிட்டு, பாரம் இறப்பரில் ஏறுவதற்குச் சற்று முன் நிறுத்தி, பிராக்கெட்டுக்கும் செசிக்கும் இடையிலான உயரத்தை வேர்ணியரால் அளந்துகொள்ளுங்கள். பின்பு செயினை முழுவதும் தளர்த்திவிட்டு அதே இடத்தில் மறுபடி அளந்தால், இறப்பர் பாரத்தால் எவ்வளவு தாழ்ந்தது என்பது தெரியும். அந்தத் தாழ்வு அரை மில்லிமீற்றர் என்றால் இயல்பு மீடிறன் 22 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கும், அது பரிவின் வாசலிலேயே இருக்கிறது. 1 மில்லிமீற்றர் என்றால் 16 ஹேர்ட்ஸ், இரண்டரை மில்லிமீற்றர் என்றால் 10, நான்கு என்றால் 8. ஆடும்போது இறப்பர், சும்மா தாங்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்வதால் உண்மையான எண் இவற்றைவிடச் சற்றுக் கூடும். ஆகவே இரண்டரைக்கும் நான்குக்கும் இடையில் தாழ்கிற இறப்பரைத் தேடுங்கள். எந்த வண்டியின் இறப்பர் என்று பெயர் கேட்டு வாங்குவதைவிட இந்த ஓர் அளவு பயனுள்ளது.

எஞ்சினின் நிறை தெரிந்தால் வாங்குவதற்கு முன்பே கணக்கிடலாம். வெங்காய மூடை நிறுக்கும் தொங்கு தராசைக் கடன் வாங்கி, கிளச், கியர்பொக்ஸ், எண்ணெய் எல்லாவற்றுடனும் எஞ்சினைத் தூக்கி நிறுத்துப் பாருங்கள். பின்பு முன்பக்க மவுண்டிங் வரும் இடத்தில் மட்டும் தராசைப் பிடித்து, பின்முனையைக் கட்டையில் வைத்து மறுபடி நிறுங்கள். முன் மவுண்டிங் இரண்டுக்கும் சேர்த்து 180 கிலோகிராம் வருகிறது என்றால் ஒன்றுக்கு 90. அந்த 90 கிலோவைக் கடையில் இருக்கும் இறப்பரின் மீது அழுத்தியில் ஏற்றி, மூன்று மில்லிமீற்றரளவு தாழ்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கினால் பணம் வீணாகாது. கடினத்தை மட்டும் கேட்கிறவருக்கு, வாகன மவுண்டிங் இறப்பர்கள் பெரும்பாலும் சோர் ஏ அளவையில் 45 இலிருந்து 60 வரை இருக்கும் என்று சொல்லலாம். ஓட்டப் போட்டிக்காரர்கள் விரும்பும் பொலியூரித்தேன் 80 ஐத் தாண்டும். வெங்காயமும் புகையிலையும் ஏற்றுகிற டீசல் லொறிக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பெற்றோல் எஞ்சினின் இறப்பரையே டீசலுக்கும் விட்டுவிடுவதில் எதிர்ப்பக்கத்துத் தவறு நடக்கிறது. டீசலின் கொம்பிரசன் விகிதம் இவ்வகைப் பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் 20 ஐத் தாண்டும், பெற்றோலில் அது 9 ஐ ஒட்டியே நிற்கும். அடியும் பெரிது, நிறையும் கூட. தெல்லிப்பளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறிய லொறியில் இறப்பர் புதியதாகவே இருந்தது, ஆனால் பாரத்தால் முழுவதும் நசிந்து மேல்தகடும் கீழ்க்கிண்ணமும் ஒன்றோடொன்று முட்டியிருந்தன. ஒரு கடதாசித் துண்டை இரண்டுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தேன், அது போகவில்லை. உரிமையாளர், "அண்ணை, போன மாசம்தானே புதுசு போட்டது" என்று வருந்தினார். இரும்பும் இரும்பும் தொட்ட இடத்தில் இறப்பர் புதியதாக இருந்தும் இல்லாததற்குச் சமம். எஞ்சினை வண்டிக்குள் இறக்கியவுடன் எல்லா மவுண்டிங்கையும் சுற்றிக் கடதாசியை ஓட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அளவு சரி, முட்டவும் இல்லை, ஆனாலும் நடுங்குகிறது என்றால் இறப்பர் முறுக்கப்பட்ட நிலையில் பூட்டப்பட்டிருக்கும். போல்ட் துளைகள் நேராக வராதபோது அலவாங்கால் நெம்பி நேராக்கிப் பூட்டியிருப்பார்கள். எல்லா மவுண்டிங் நட்டுகளையும், கியர்பொக்ஸ் மவுண்டிங்கையும், எக்ஸோஸ்ற் குழாயின் பிடிகளையும் தளர்த்தி, எஞ்சினை ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் அது தனக்கு வசதியான இடத்தில் தானே அமரும். நிறுத்தி, முதலில் எஞ்சின், அடுத்துக் கியர்பொக்ஸ், கடைசியாக எக்ஸோஸ்ற் என்ற ஒழுங்கில் இறுக்குங்கள். துளை ஒத்துவரவில்லை என்றால் துளையை நீள்வட்டமாக்கித் தடித்த வாஷர் போடுங்கள், இறப்பரை வளைக்காதீர்கள். எக்ஸோஸ்ற் குழாய் செசியிலோ தரைத் தகட்டிலோ எங்காவது தொட்டுக்கொண்டு நின்றாலும் இதே அறிகுறிதான் வரும், அதைக் கையால் ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கிளச்சை விடும்போது அடி கேட்கிறது

முதல் கியரில் புறப்படும்போது ஒரு "டொக்", பின்கியரில் போகும்போது மற்றப் பக்கத்தில் ஒரு "டொக்" என்று வந்தால் எஞ்சின் உருண்டு அடிக்கிறது என்று அர்த்தம். நீளவாக்கில் எஞ்சின் வைத்த வண்டியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும்போது, முன்னே புறப்படுகையில் எஞ்சினின் இடப்பக்கம் மேலெழும்பி வலப்பக்கம் அமுங்கும். பின்கியரில் மறுதலை. ஆகவே முன்கியரில் மட்டும் அடி வந்தால் முதலில் இடப்பக்க மவுண்டிங்கைப் பாருங்கள்.

இந்த விசை எவ்வளவு என்பதைச் செய்பவர்கள் குறைத்து எண்ணுகிறார்கள். 165 நியூட்டன் மீற்றர் முறுக்கம் தரும் ஒரு சாதாரண டீசல் எஞ்சின், நான்கை ஒட்டிய முதல் கியர் விகிதத்தில் கியர்பொக்ஸின் வாயில் 660 நியூட்டன் மீற்றர் தருகிறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே உடல் என்பதால் அந்த 660 முழுவதும் மவுண்டிங்குகளுக்கே எதிர்விசையாக வரும். இரண்டு முன் மவுண்டிங்குகளும் அரை மீற்றர் இடைவெளியில் இருந்தால், ஒரு பக்கத்தை மேலே தூக்கவும் மறுபக்கத்தைக் கீழே அமுக்கவும் ஏறத்தாழ 135 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசை எழுகிறது. 90 கிலோ தாங்கிக்கொண்டிருக்கும் இடப்பக்க இறப்பர் அந்த நேரத்தில் அமுங்குவதற்குப் பதிலாக மேல்நோக்கி இழுபடுகிறது. சும்மா ஒட்டிய இறப்பர் அப்போதுதான் தகட்டிலிருந்து பிரிகிறது.

அதனால் இடப்பக்கத்துக்குப் பூட்டுள்ள மவுண்டிங்கே வேண்டும். இறப்பர் முற்றாக அறுந்தாலும் மேல் இரும்பு கீழ் இரும்பின் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு எழும்பாமல் நிற்கும் வகை அது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், உதிரிப்பாகம் வராமல், வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில், லொறி டயரை வெட்டி நடுவே போல்ட் விட்டு மவுண்டிங்காக வைத்து ஓடியவர்கள் உண்டு. வேறு வழி இல்லாத நாட்களில் அது பெரிய திறமை, அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் டயருக்குள் இருக்கும் நூலும் கம்பியும் அதைத் தேவைக்கு மேல் விறைப்பாக்குகின்றன, பூட்டும் அதில் இல்லை. பாகம் கிடைக்கிற இன்றைய நாளில் அதைத் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

சோதிக்கும் முறை இது. வண்டியின் முன்னும் பின்னும் ஒருவரும் நிற்காமல், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்தபடி இரண்டாம் கியரில் கிளச்சைப் பாதி விடச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எஞ்சின் ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழும்பினால் இறப்பர் பிரிந்திருக்கிறது அல்லது மிகவும் மென்மை. எழும்பவே இல்லை, ஆனால் அடி கேட்கிறது என்றால் போல்ட் தளர்வு, அல்லது கியர்பொக்ஸின் பின் மவுண்டிங், அல்லது கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறப்பெல்லர் சாவ்ற்றின் முனையில் இருக்கும் குரோஸ் மூட்டு.

இந்தச் சோதனையின்போது எஞ்சின் உருளும் நேரத்தில் தானாகவே சத்தம் கூடுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்சிலேற்றர் கேபிள் இறுக்கமாக விடப்பட்டிருந்தால் எஞ்சின் எழும்பும்போது கேபிளை இழுத்து, அதனால் வேகம் கூடி, அதனால் இன்னும் எழும்பும். சந்தை நெரிசலில் இது உயிராபத்து. கேபிளுக்குத் தாராளமான வளைவு விட்டு, உறையின் முனையை எஞ்சினிலேயே பிடித்துக் கட்ட வேண்டும்.

பிரேக் பிடித்தால் விசிறி ரேடியேற்றரைத் தொடுகிறது

பிரேக்கின்போது எஞ்சின் முன்னோக்கி வருகிறது என்பதே காரணம். விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் 25 மில்லிமீற்றராவது வேண்டும், எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் அதே அளவு வேண்டும். இடம் இல்லை என்றால் எஞ்சினைப் பின்னுக்கு நகர்த்துங்கள் அல்லது மின்விசிறி போடுங்கள். கடினமான இறப்பர் போட்டு இடக்குறையை மறைக்க முயன்றவர்கள் நின்ற இடத்து நடுக்கத்துக்குத் திரும்பி வருகிறார்கள். முன்பின் அசைவைத் தடுப்பது பெரும்பாலும் கியர்பொக்ஸின் பின் மவுண்டிங்கே என்பதால் அதன் போல்ட்டுகளை முதலில் பாருங்கள்.

50, 60 வேகத்தில் தரைத் தகடு அதிர்கிறது

நின்ற இடத்தில் அமைதி, புறப்படும்போதும் அமைதி, கொடிகாமம் தாண்டி நேர் வீதியில் ஏறியவுடன் அதிர்வு என்றால் இறப்பரில் கைவைக்க வேண்டாம். நியூட்ரலில் போட்டு எஞ்சினை நின்று ஓடும் வேகத்துக்கு விட்டபின்னும் அதே வண்டி வேகத்தில் அதிர்வு தொடர்ந்தால், காரணம் எஞ்சினுக்கு அப்பால் இருக்கிறது. புதிய பிராக்கெட்டின் உயரம் தவறி, எஞ்சினின் சாய்வு மாறி, புறப்பெல்லர் சாவ்ற்றின் இரண்டு முனைக் கோணங்களும் ஒத்துப்போகாமல் நிற்பதே எஞ்சின் மாற்றிய வண்டிகளில் வழக்கமான காரணம். குரோஸ் மூட்டு கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் ஏறி இறங்கும். முன் மூட்டு செய்யும் குழப்பத்தைப் பின் மூட்டு அதே கோணத்தால் சரிசெய்தால்தான் அச்சுக்கு ஒரே சீரான சுழற்சி போய்ச்சேரும்.

வண்டியை அதன் சில்லுகளிலேயே, வழக்கமாக ஏற்றும் பாரத்தில் பாதி ஏற்றி நிறுத்தி, கோணமானியால் கியர்பொக்ஸின் வெளிமுகத்தையும் சாவ்ற்றையும் பின் அச்சின் முகத்தையும் அளவுங்கள். கைபேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியும் போதும். கியர்பொக்ஸுக்கும் சாவ்ற்றுக்கும் உள்ள வித்தியாசமும், சாவ்ற்றுக்கும் அச்சுக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும், இரண்டும் மூன்று பாகையைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஒத்துவராவிட்டால் கியர்பொக்ஸின் குறுக்குச் சட்டத்துக்கும் மவுண்டிங்குக்கும் இடையில் தகடு வைத்து உயர்த்தியோ தாழ்த்தியோ திருத்தலாம். நடுவில் தாங்கி வைத்த இரண்டு துண்டுச் சாவ்ற்றில் அந்தத் தாங்கியின் உயரமும் இந்தக் கணக்குக்குள் வருகிறது.

பிராக்கெட் திரும்பத் திரும்பப் பிளக்கிறது

பருத்தித்துறையிலிருந்து மீன் ஏற்றும் ஒரு கூலர் லொறிக்கு நானே செய்த பிராக்கெட் நான்கு மாதத்துக்குள் இரண்டு தடவை பிளந்தது. முதல் தடவை ஒட்டு (வெல்டிங்) சரியில்லை என்று எண்ணி மறுபடி ஒட்டினேன். இரண்டாம் தடவை தகட்டைத் தடிப்பாக்கினேன். மூன்றாம் தடவை பிராக்கெட் தாங்கிக்கொண்டது, ஆனால் எஞ்சின் புளொக்கில் அது பூட்டியிருந்த வார்ப்புக் காது உடைந்தது. அந்த உரிமையாளருக்கு ஒரு புளொக் போனது என் பிழையால். காரணம் தகட்டில் இருக்கவில்லை. முன்னால் இரண்டு, கியர்பொக்ஸின் இரு பக்கத்தில் இரண்டு என்று நான்கு இடத்தில் கடினமாகப் பிடித்திருந்தேன். லொறியின் ஏணிச் செசி பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கும்போது முறுகுவதற்காகவே செய்யப்பட்டது. நான்கு மூலையிலும் இறுகப் பிடித்த எஞ்சின் அந்த முறுக்கைத் தன் உடலால் தடுக்க முயல்கிறது, எது பலவீனமோ அது உடைகிறது. பின்பக்க இரண்டையும் எடுத்துவிட்டுக் கியர்பொக்ஸின் நடுவில் ஒரே மவுண்டிங் வைத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்ற மூன்று இடமே சிறிய லொறிக்குப் போதும்.

செய்யும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் அவை இருக்க வேண்டிய இடத்தில் செயின் புளொக்கிலும் ஜாக்கியிலும் நிறுத்தி, தூக்குக்குண்டும் நூலும் கொண்டு செசியின் நடுக்கோட்டுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, கோணத்தை அளந்து, விசிறி, எண்ணெய்த் தொட்டி, ஸ்ரியரிங் தடி, எக்ஸோஸ்ற் எல்லாவற்றுக்கும் இடைவெளி பார்த்து முடித்த பிறகே பிராக்கெட்டுக்கு அளவு எடுக்க வேண்டும். இறப்பரின் இடத்தில், பாரம் ஏறியபின் அது இருக்கும் உயரத்துக்கு வெட்டிய ஒரு இரும்புக் குழாயை வையுங்கள். இறப்பரை வைத்தபடி ஒட்டினால் சூடு ஏறி இறப்பருக்கும் தகட்டுக்கும் இடையிலான பிணைப்பு விட்டுவிடும், வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு இடத்தில் பொட்டு ஒட்டி, எஞ்சினை அகற்றி, மேசையில் வைத்து மாறி மாறிப் பக்கம் மாற்றி முழுவதும் ஒட்டுங்கள்.

புளொக்கில் பூட்டும் தகடு 8 மில்லிமீற்றர், கைகள் 6 மில்லிமீற்றர் என்பது இந்த அளவு எஞ்சினுக்கு நான் கையாளும் கணக்கு. தனித் தகடாக நீட்டாமல் மூன்று பக்கம் மூடிய பெட்டி வடிவில் செய்து, மூலையில் முக்கோணத் தாங்கு தகடு வையுங்கள். அந்த முக்கோணத்தின் நுனி கூராக நின்றால் பிளவு அங்கிருந்தே தொடங்கும், ஆகவே நுனியைச் சற்று வெட்டிவிடுங்கள். புளொக்கில் இருக்கும் எல்லாத் துளைகளையும் பயன்படுத்துங்கள், இரண்டு போல்ட் போதும் என்று விடாதீர்கள். வார்ப்பிரும்புக்குள் போல்ட் அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும். 8.8 என்று தலையில் அடித்த போல்ட்டையே வாங்குங்கள். 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீற்றர், 12 மில்லிமீற்றருக்கு 80 ஐ ஒட்டி இறுக்கினால் சரி.

செசிப் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மேல், கீழ் மடிப்புகளில் துளை போடக்கூடாது, அவற்றின் குறுக்கே நேர்கோட்டில் ஒட்டவும் கூடாது, ஏனெனில் செசியின் வளைவுப் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நடுச்சுவரில் துளையிட்டு, உட்புறம் ஒரு துணைத் தகடு வைத்துப் போல்ட்டால் பிடியுங்கள். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் துணைத் தகட்டை வைரவடிவில் வெட்டி, சாய்வான ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். ஈரம் ஏறிய வெல்டிங் குச்சியால் ஒட்டிய ஒட்டில் நுண்துளை விழும், மாரி நாட்களில் குச்சியைச் சூடேற்றி உலர்த்திய பிறகே எடுக்க வேண்டும். பற்றரியின் இரண்டு முனைகளையும் அல்ரனேற்றரின் வயரையும் கழற்றாமல் வண்டியில் ஒட்டாதீர்கள். ஒட்டுக் கருவியின் பூமிக் கவ்வியை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

இறப்பர் ஓர் ஆண்டுக்குள் கெடுகிறது

இறப்பர் வீங்கி மெழுகு போல மென்மையாகியிருந்தால் டீசலோ எண்ணெயோ ஒழுகுகிறது. இயற்கை இறப்பர் ஆட்டத்துக்கு மிகச் சிறந்தது, எண்ணெய்க்கு மிகப் பலவீனமானது. ஒழுக்கை நிறுத்தாமல் புதியதைப் போடுவதில் பயனில்லை. கருகி வெடித்திருந்தால் எக்ஸோஸ்ற் பக்கச் சூடு, அந்தப் பக்கத்துக்கு இடைவெளி விட்டு ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள். இறப்பர் நன்றாக இருந்தும் தகட்டிலிருந்து உரிந்தால் துரு உள்ளே போயிருக்கிறது. பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளிலும் மீன் தண்ணீர் வடியும் கூலர்களிலும் இதை அடிக்கடி காண்கிறேன். இரும்புப் பகுதிக்கு மட்டும் நிறம் பூசி, நல்ல தண்ணீரால் கழுவிவந்தால் ஆயுள் கூடும். பழைய வண்டியில் கழற்றிய மவுண்டிங்கை வாங்குபவர் அதை அலவாங்கால் நெம்பி, பிணைப்புக் கோட்டில் வாய் திறக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஸ்ராட்டர் மந்தம், கேபிள் சூடு

மவுண்டிங் மாற்றிய மறுநாள் ஸ்ராட்டர் இழுக்கவில்லை என்று பற்றரியை மாற்றுகிறவர்கள் உண்டு. இறப்பர் மின்சாரத்தையும் தடுக்கிறது. எஞ்சினுக்கும் செசிக்கும் இடையிலான பூமி வயரைப் பூட்ட மறந்தால், ஸ்ராட்டரின் பெருமின்னோட்டம் அக்சிலேற்றர் கேபிள், கிளச் கேபிள் வழியாகவே வீடு திரும்பும். கேபிளின் உறை கையில் சுடும், சில வேளை உருகும். பற்றரி வயரின் தடிப்புக்குக் குறையாத பின்னல் வயர் ஒன்றை, நிறம் சுரண்டிய இரும்பில், எஞ்சின் ஆடும் அளவுக்குத் தளர்வு விட்டுப் பூட்டுங்கள்.

எஞ்சின் இலக்கம் மாறிவிட்டதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும், எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். 500 கிலோமீற்றர் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, பிராக்கெட்டுக்கும் செசிக்கும் இடையிலான உயரத்தை வேர்ணியரால் மறுபடி அளந்து, முதல் நாள் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இறப்பர் தொடக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு படிவது இயல்பு, அதற்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்த இறப்பர் அந்த எஞ்சினுக்குப் போதாது.